கிளாரிஸின் பாயும் தங்கராஜுவின் கயிறும்

லிங்கி ஆற்றங்கரையில் போட் கட்டுகிற ஜெட்டியில் கிளாரிஸை யாருக்கும் ஆகாது. அதை அவர்கள் மூடி மறைக்கவும் இல்லை. சனிக்கிழமை காலை அவளுடைய வேன் வந்து நின்றால், வலையைப் பிரித்துக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருவன் எச்சில் துப்புவான். அவள் பலகையையும் பாயையும் தனியாகவே இறக்குவாள். தனியாகவே பூட்டுவாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அப்பா பெர்னார்ட் பக்கத்துச் செம்பனை எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர். அவள் ரசாயனம் படித்து, எண்ணெய் மில்லின் லேப்பில் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இருபத்திரண்டு வயதில் போர்டிக்சன் கடலில், பலகையில் நின்று காற்றுப் பாயைக் கையால் பிடித்து ஓட்டுகிற பாய்ப்பலகையைக் கற்றவள் அதை விடவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒருவர் விற்ற ஃபாயிலை வாங்கிப் பலகையின் அடியில் மாட்டினாள். ஆள் இடுப்பு உயரத்துக்கு ஓர் அலுமினியக் கால், அதன் நுனியில் குட்டி விமானம் போல இரண்டு இறக்கை, அவ்வளவுதான். கொஞ்சம் வேகம் பிடித்தால் அந்த இறக்கை பலகையையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். சாதாரணப் பலகை அசையாமல் கிடக்கிற சின்னக் காற்றிலும் அது பறக்கும். அதற்காகத்தான் கடலை விட்டு ஆற்றுக்கு வந்தாள். சர்ச்சில் சிலர் இந்த வயதில் இது எதற்கு என்றார்கள்.

ஜெட்டிக்காரர்களின் வெறுப்புக்குக் காரணம் பலகை அல்ல, மீன். போன வருஷம் ஒரு வாரம் ஆறு கறுத்து நுரைத்தது. மீனும் இறாலும் வயிறு மேலே தெரிய மிதந்தன. மில்லிலிருந்துதான் கழிவுத் தண்ணீர் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மில் காட்டிய அந்த வாரத்துச் சோதனைக் காகிதத்தில் எல்லா அளவும் சரி என்று இருந்தது. கீழே கிளாரிஸின் கையெழுத்து. தூண்டில்காரர்களை போட்டில் ஏற்றிப் பிழைத்த தங்கராஜு இரண்டு மாதம் போட்டை வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார். அவருக்கு அந்தக் கையெழுத்து மனப்பாடம்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடல் ஏற்றத்தில் ஆறு நிறைந்து நின்றது. கரையிலிருந்து கடல் பக்கமாக லேசான காற்று. கிளாரிஸ் ஏறி, பாயை இரண்டு மூன்று தடவை உடம்போடு சேர்த்து வீசி இழுத்தாள். பலகை எழும்பியது. தண்ணீரின் சலசலப்பு நின்று, காலடியில் மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்டது. இரண்டு வளைவு தாண்டிப் போனாள். மூன்றாவது வளைவில் காற்று செத்தது. பலகை பொத்தென்று இறங்கியது. பாய் தண்ணீரில் சாய்ந்தது.

காத்திருந்தாள். எதிர்ப்பக்கமிருந்து ஒரு மூச்சுக் காற்று வந்தது. பாயைத் தூக்கி நிறுத்துவதற்குள் அதுவும் போயிற்று. இதற்குள் தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. ஆறு அவளைக் கழிமுகம் நோக்கி இழுத்தது. இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, சேறு. முதலை வெயில் காய்கிற இடம் அது. கால்களை மடித்துப் பலகையின் மேல் வைத்துக்கொண்டாள்.

அப்போது தங்கராஜுவின் போட் வந்தது. பத்து முழம் தள்ளி நிறுத்தினார். இஞ்சினை அணைக்கவில்லை.

"அண்ணே, கயிறு போடுங்க" என்றாள்.

அவர் கயிற்றைத் தொடவே இல்லை. மீன் செத்த வாரத்துத் தண்ணீரை யார் சோதித்தது என்று கேட்டார். நான்தான் என்றாள்.

"அப்ப உண்மையான அளவு என்ன? அத சொல்லு. கயிறு தர்றேன்."

பொய் சொல்லலாம். பதினைந்து மாதமாக அதைத்தானே செய்தாள். அவளுக்கே ஏன் என்று தெரியவில்லை, வாயிலிருந்து நிஜம் வந்துவிட்டது. கழிவின் அளவு இருக்க வேண்டியதைப் போல நாலு மடங்கு இருந்தது, மேனேஜர் வேறு தாள் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன் என்றாள்.

தங்கராஜுவின் முகம் இளகும் என்று நினைத்திருந்தாள். அது இன்னும் இறுகியது.

"தெரியாம போட்டுட்டேன்னு நீ சொல்லுவேன்னு பார்த்தேன். தெரிஞ்சேதான் போட்டியா" என்றார். கயிற்றைப் போடவில்லை. இஞ்சினை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் கிளப்பிய அலை பலகையைப் புரட்டப் பார்த்தது. கிளாரிஸ் கையால் துழாவித் துழாவி, வலை கட்ட யாரோ நட்டிருந்த ஒரு கழியைப் பிடித்தாள். கழியில் ஒட்டியிருந்த சிப்பி கையைக் கிழித்தது. ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவர்மேல் கோபம் வரவில்லை. பயம் வந்தது. அதைவிட, அந்தத் தாளில் பேனாவை வைத்த கணம் திரும்பத் திரும்ப வந்தது.

மதியம் நெருங்கும்போது கடலிலிருந்து காற்று திட்டுத் திட்டாக ஏறியது. தண்ணீரில் கருநிழல் மாதிரி தெரிகிற இடத்தில் மட்டும் காற்று, மற்ற இடம் கண்ணாடி. முதல் திட்டில் எழும்பி விழுந்தாள். இரண்டாவதில் ஃபாயிலின் இறக்கை அடிச்சேற்றில் உரசி, தலைகுப்புறப் போனாள். சேற்றுத் தண்ணீரை விழுங்கினாள். மூன்றாவதில் ஆழம் பார்த்து நடு ஆற்றுக்குத் தள்ளிக்கொண்டு போய், தோள் கழன்றுவிடுமோ என்கிற அளவுக்குப் பாயை இழுத்து இழுத்து வீசினாள். எழும்பியது. இறங்குகிற ஆறு அடியில் எதிர்த்து ஓட, அவள் அதற்கு மேலே திட்டிலிருந்து திட்டுக்குத் தாவினாள். வளைவில் மரங்கள் காற்றைத் தின்றன. அங்கே நாற்பது ஐம்பது வீச்சு வெறும் கையின் பலத்தில் போனாள்.

ஜெட்டிச் சரிவில் அவள் ஏற முடியாதபடி ஒரு போட்டைக் குறுக்கே கட்டி வைத்திருந்தார்கள். நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் அதை விலக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. எதிர்க்கரையில் பாலத்தடியில் இறங்கி, முழங்கால் சேற்றில் பலகையை இழுத்துக்கொண்டு ஏறினாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுச் சிரம்பான் போனாள். சுற்றுச்சூழல் ஜபாத்தான் என்கிற அரசுத் துறை ஆபீசில், உண்மை அளவுகளை எழுதி வீட்டில் ஒளித்து வைத்திருந்த தன் பழைய குறிப்புப் புத்தகத்தை மேசையில் வைத்தாள். புதன்கிழமை மில் கேட்டில் அவளை உள்ளே விடவில்லை. அண்ணன் ராய்ஸ்டன் போன் பண்ணி, சோறு போட்ட இடத்தையே காட்டிக் கொடுத்துவிட்டாயே என்று திட்டினான். அவன் மனைவியும் அதே மில்லில்தான் வேலை.

விசாரணையில் தங்கராஜுவும் சாட்சி. ஒரே பெஞ்சில் இரண்டு பேருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுந்து, ஆற்றில் அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். தெரிந்தே கையெழுத்துப் போட்டாள் என்பதையும், தான் கயிறு போடாமல் போனதையும் சேர்த்தே சொன்னார். அதிகாரி அவளைப் பார்த்தார்.

"ஆமா சார். அவரு சொன்னதெல்லாம் சரி" என்றாள்.

மில்லுக்குத் தண்டனை கிடைத்தது. அவளுக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இப்போது மந்தின் ஊர்ப் பக்கம் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் சோதனை வேலை. சனிக்கிழமைகளில் ஆற்றுக்குப் போகிறாள், பாலத்தடியிலிருந்து. ஜெட்டியில் அவளை இன்னும் கால் வைக்க விடுவதில்லை. அவளும் கேட்பதில்லை.