வாங்கில் கிடக்க ஒரு ஆள்

ஒரு மேடையைப் பார்க்கக் கூட்டம் வருகிறது என்றால் அது எதைப் பார்க்க வருகிறது? பள்ளிமுனை மீனவர் கிறகரியின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டது போலத் தெரிகிறது. அவர் தாமாக இப்படியெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. எஞ்சினைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். மற்றவற்றுக்கு ஓம், இல்லை என்பதோடு சரி.

தொண்ணூறில் சிறுவனாகப் படகேறித் தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமுக்குப் போனவர், சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்து வள்ளம் ஒன்று வாங்கினார். ஊர்க் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் பாடினார். அவருடைய குரலை இனிமையானது என்று சொல்ல முடியாது. உச்சத்தில் சற்றுக் கிழியும். ஆனால் ஒலிவாங்கி இல்லாமலே கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பவர் வரை கேட்கும். அவருடைய அண்ணன் செபமாலை ஒரு வாடைக் காலத்தில் கடலுக்குப் போனார். வள்ளம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் கிடத்தி அழ ஓர் உடல் இருக்கவில்லை.

இசை ஆசிரியை கத்தரின் புதிதாக ஓர் இசை நாடகம் எழுதியபோது இந்தச் சாவை மனதில் வைத்து எழுதினாரா என்று தெரியாது. கதை எளியது. கடலில் கவிழ்ந்த ஒரு மீனவன் கரையைப் பார்த்துப் பாடுகிறான். கடைசிக் காட்சியில் அவனுடைய உடலை நீண்ட மர வாங்கில் கிடத்தி, மனைவி பாடிக்கொண்டே கால்களைக் கழுவுகிறாள். பங்கு மண்டபத்தில் ஒத்திகை நடந்தது. மீனவனின் பாட்டுகளின் உச்சம் கிறகரிக்கு மட்டுமே எட்டியதால் அந்த வேடம் அவருக்கு. கடைசிக் காட்சிக்கு மட்டும் யாரும் சொல்லாமலே ஒரு பாயைச் சுருட்டி வாங்கில் வைத்தார்கள். அதில் யாருக்கும் வியப்பு இல்லை. பாஸ் எனப்படும் இந்தக் கரையின் பழைய பாடுகளின் நாடகங்களில் இயேசுவாக ஆள் வருவதில்லை, மரத்தில் செய்த சுருபம்தான் சிலுவையில் ஏறும். சாகிறவனாக ஒருவர் மேடையில் கிடப்பது, அதுவும் நாளை கடலுக்குப் போகிற ஒருவர் கிடப்பது, இவர்களுக்குப் பழக்கமில்லாத, சாவைக் கூப்பிடுகிற காரியம்.

செலவை ஏற்றிருந்த ஐஸ் கம்பனி முதலாளி பெனடிக்ற் ஒருநாள் ஒத்திகைக்கு வந்தார்.

"நாடகம் நல்லது ரீச்சர். ஆனா கிறகரியைப் பாக்க ஆர் ரிக்கற் எடுப்பினம்? அவரைத்தான் துறையில நெடுகச் சும்மா பாக்கினமே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கிறகரியும் சிரித்தார். பாடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீடுகள் வந்தாலே மண்டபம் நிறையும் என்று கத்தரின் வாதாடினார். அப்போது உடுப்புத் தைத்துக்கொண்டிருந்த கிறகரியின் மனைவி றொசானா ஊசியை நிறுத்தி, "முதலாளி சொல்லுறதுதான் சரி. வெளி ஆளைக் கூப்பிடுங்கோ" என்றார். அவர் நினைத்தது ரிக்கற்றைப் பற்றி அல்ல என்பது அங்கிருந்த பெண்களுக்கு விளங்கியது. வாங்கில் கிடக்கப்போவது தன் வீட்டு ஆளாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

இப்படித்தான் நிறோஜன் வந்தார். கொழும்புப் பையன். சென்னைத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் இறுதிச் சுற்று வரை போனவர். அவருடைய முகம் பதாகையில் ஏறியதும் ரிக்கற்றுகள் விற்றன. பாட்டுகளை விரைவாகப் பிடித்துக்கொண்டார், குரலும் கிறகரியின் குரலை விடத் திருத்தமானது. கடைசி ஒத்திகையில் வாங்கைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"அக்கா, எல்லாப் பாட்டும் பாடுறன். இதில மட்டும் படுக்கமாட்டன். அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான். சினிமாவில கேட்டாலும் படுக்கமாட்டன்."

"அப்ப பாயே நடிக்கட்டும்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். ஆனால் பாய்க்குக் கால் இல்லை. கழுவுவதற்குக் கால் வேண்டும். மண்டபத்தில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவரும் வேறு எங்கோ பார்த்தார்கள்.

"நான் படுக்கிறன் ரீச்சர்" என்றார் கிறகரி. "முகத்தை மூடிவிடுங்கோ. வீட்டில சொல்ல வேண்டாம்."

நகர மண்டபத்தில் முதல் காட்சி நடந்தது. நிறோஜன் பாடும்போதெல்லாம் கைபேசிகள் உயர்ந்தன. கடலில் மூழ்கும் பாட்டு முடிந்ததும், அவரோடு படம் எடுக்க இளையவர்கள் மேடைக்குப் பின்னால் ஓடினார்கள். பாதிக் கதிரைகள் வெறுமையாகின. மிச்சப் பேருக்கு முன்னால் வாங்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளைத் துணி, அதற்கு வெளியே இரண்டு கால்கள். மூன்றாம் வரிசையில் றொசானா இருந்தார். இடது குதிகாலில் திருக்கை முள் குத்திய தழும்பு. அந்தப் புண்ணுக்கு மருந்து கட்டியவர் அவர். எழுந்து வெளியே போனார். காலைப் பூசைக்கு முன் பள்ளிமுனை முழுவதற்கும் செய்தி தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு துறையில் ஏதோ மாறியது. கிறகரியோடு வழக்கமாகத் தொழிலுக்குப் போகும் றெனால்ட் இடுப்பு வலி என்று நின்றுகொண்டார். மற்றவர்கள் காற்றைப் பார்த்தார்கள், பிறகு கிறகரியைப் பார்த்தார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து மீன் எடுக்க வரும் பைசர் ஒரு காலை, "வந்திட்டீங்களா கிறகரி அண்ணன்? நாங்க சவப்பெட்டிக்குச் சொல்லியாச்சு" என்று பகிடி விட்டார். சிரிப்பு பாதியில் நின்றது. கடலுக்குப் போகிறவரைக் கரையில் நின்று பார்க்கும் வழக்கம் இல்லாத றொசானா, அவர் போகும்போதும் திரும்பும்போதும் வந்து நிற்கத் தொடங்கினார். சோளகக் காற்றுத் தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதம் அது.

இரண்டாம் காட்சிக்கு நிறோஜனுக்கு நேரமில்லை, பாடுவதும் கிடப்பதும் கிறகரியே என்றானது. பெனடிக்ற் நட்டத்தை நினைத்துக் கவலைப்பட்டார். ஆனால் ரிக்கற்றுகள் முதல் காட்சியை விட வேகமாக விற்றன. தொலைவிலுள்ள உயிலங்குளத்திலிருந்தும் ஆட்கள் வந்து கேட்டார்கள். நட்சத்திரம் இல்லாமலே புதிய நாடகம் ஓடும் என்று தான் சொன்னது பலித்ததில் கத்தரினுக்கு ஒரு நாள் மகிழ்ச்சி இருந்தது. மறுநாள் ரிக்கற் மேசையில் அவரே இருந்தார்.

"இந்த முறை முகத்தைத் திறந்துதானே படுக்கிறார்?" என்று ஒரு பெண் கேட்டார். ஓம் என்றதும் நான்கு ரிக்கற் எடுத்தார். அவருக்குப் பின்னால் நின்ற மனிதர், "காத்து எழும்ப முதல் பாத்திட வேணும்" என்றார்.

கத்தரின் இதைப் பெனடிக்ற்றிடம் சொன்னார். முதலாளி யோசித்துவிட்டு, "பிரபலம் எண்டது இதுதான் ரீச்சர்" என்றார்.

அவர் சொன்னது முழுப் பொய் அல்ல என்பதுதான் சங்கடம். ஒருவர் புகழ்பெற்றதால் கூட்டம் அவரைப் பார்க்க வருகிறது. அடுத்து அவருக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று நம்பினாலும் வருகிறது. இரண்டுக்கும் ஒரே கதிரை, ஒரே விலை. நாடகம் நல்லதா என்ற கேள்வியை இரண்டு கூட்டமும் கேட்கவில்லை.

புதிய பதாகைக்குக் கிறகரியைப் படம் எடுத்தார்கள். கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினார். கோயிலுக்குப் போகும் சந்தியில் அது தொங்கியது. றொசானா ஒவ்வொரு காலையும் அதன் கீழே நடந்தார்.

சனிக்கிழமை அவர் கணவரிடம் சொன்னார்: "ஒண்டை விடுங்கோ. கடலை விடுங்கோ, இல்லாட்டி அந்த வாங்கை விடுங்கோ. ரெண்டையும் வைச்சிருக்க என்னால ஏலாது."

"நாளைக்கு ஞாயிறுதானே" என்றார் கிறகரி.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிமுனையில் வள்ளம் இறங்காது. அவரும் ஒரு ஞாயிறுகூடக் கடலுக்குப் போனதில்லை. அந்தச் சொல்லில் றொசானா சமாதானமானார்.

இரண்டாம் காட்சி அன்று பின்நேரம். கதிரைகள் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். கிறகரி வரவில்லை. கத்தரின் அழைத்தபோது கைபேசி வீட்டில் கிடந்து அடித்தது. அதை எடுத்த றொசானா, அவர் எப்போதோ மண்டபத்துக்குப் போய்விட்டார் என்றார். துறைக்கு ஓடிப் பார்த்த றெனால்ட், வள்ளம் இல்லை என்று சொல்லியனுப்பினார். றொசானா வேலியைப் பார்த்தார். வலை அங்கேயே காய்ந்துகொண்டிருந்தது.

மண்டபம் எழுந்தது. கோயிலுக்கு உடுத்த உடுப்போடு, கையில் ரிக்கற்றோடு, கரைக்கு நடந்தது. இரண்டு பேர் கதிரைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வள்ளம் அதிக தூரத்தில் இல்லை. எஞ்சினை நிறுத்தியிருந்தார். கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வெள்ளையாக ஏதோ போட்டிருப்பது மட்டும் தெரிந்தது. பாடவில்லை. ஒருவரும் கூப்பிடவும் இல்லை. றொசானா முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி நின்றார். சிலர் செபம் சொல்லத் தொடங்கினார்கள், சிலர் கைபேசியை உயர்த்திப் பிடித்தார்கள்.

"பாட்டுக்காரர் எல்லாம் இஞ்சதானே நிக்கினம்" என்று பெனடிக்ற் கத்தரினிடம் மெதுவாகச் சொன்னார். "இஞ்சயே நடத்தினா என்ன?"

கத்தரின் அவரை விட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

காற்று கொஞ்சம் எழும்பியது. வள்ளம் ஆடியது. கரை முழுவதும் மூச்சை அடக்கியது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. வெளிச்சம் குறையக் குறைய, கொடுத்த காசுக்குக் குறைவாகக் கிடைத்தவர்களைப் போல ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பெனடிக்ற்றும் போனார். கடைசியில் றொசானா மட்டும் நின்றார்.

பிறகு எஞ்சின் சத்தம் கேட்டது. வள்ளம் கரையைத் தொட்டது. இருவரும் சேர்ந்து அதை மேலே இழுத்தார்கள். உள்ளே வலை இல்லை, தண்ணீர்ப் போத்தல்கூட இல்லை. கிறகரி போட்டிருந்தது நாடகத்தில் சாகிறவனுக்கு றொசானா தைத்த வெள்ளைச் சட்டை. கழுத்து வரை பொத்தான் பூட்டியிருந்தார். சட்டை நனைந்திருக்கவில்லை.

அதை ஏன் போட்டுக்கொண்டு போனார் என்றோ, ஏன் திரும்பி வந்தார் என்றோ அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.