கம்பெனி பஸ்ஸில் உறங்கியவர்கள்

தூங்குகிறவர்களைத்தான் நான் முதலில் வரையப் பழகினேன். விழித்திருப்பவர்கள் அசைந்துகொண்டே இருப்பார்கள். நாம் பார்ப்பது தெரிந்துவிட்டால் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள், புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். தூக்கத்தில் யாருக்கும் அந்தக் கவலை கிடையாது.

எழுபதுகளின் கடைசியில், திருவெறும்பூரில் ஒரு பெரிய தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் எனக்கு வேலை. பொறியாளர்கள் பென்சிலில் போட்டுத் தருவதை மெல்லிய தாளில் மையால் படியெடுக்கும் டிரேசர். நாள் முழுக்க நேர்க்கோடும் வட்டமும்தான். மாலையில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து தாளையும் பென்சிலையும் எடுத்துவிடுவேன். தஞ்சாவூர் ரோட்டில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருக்கும். பஸ் திரும்பினால் தூங்குகிறவர்கள் எல்லோரும் ஒன்றாக ஒரு பக்கம் சாய்வார்கள். நேரானதும் ஒன்றாக நிமிர்வார்கள். தண்ணீருக்கு அடியில் பாசி அசைவதைப் போல இருக்கும். நானும் அவர்களோடு எங்கோ ஆழத்தில் இருப்பதாகத் தோன்றும். பாலக்கரை வந்துவிட்டது என்று பக்கத்தில் இருப்பவள் இடிக்க வேண்டும்.

பக்கத்தில் இருப்பவள் என்று நான் சொல்வது என் தோழியை. அவளும் டிரேசர்தான், ஸ்ரீரங்கத்துக்காரி. காலையில் பஸ் அங்கிருந்து கிளம்பி வருவதால் எனக்கு இடம் பிடித்து வைப்பாள்.

அந்தச் சமயத்தில் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகைக்குக் கதைப் படங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா சாப்பாட்டு மேஜையைத் துடைத்து எனக்கு விட்டுக்கொடுத்துவிடுவார். ஒரு முறை ஆசிரியரிடமிருந்து கார்டு வந்தது. வைகுண்ட ஏகாதசி இதழில் வரும் கதைக்குப் பள்ளிகொண்ட பெருமாள் வேண்டும், காலண்டர் படம் மாதிரி இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். நான் கிறிஸ்தவப் பெண் என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. நானும் சொல்லவில்லை. தூங்குகிறவரைத்தானே வரைய வேண்டும், அது என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

வரைந்து பார்த்தால், வேலை முடிந்து வந்த ஃபிட்டர் ஒருவர் கிரீடம் வைத்துக்கொண்டு அசந்து படுத்திருந்தார். இன்னொன்று போட்டேன். அதிலும் அதே களைப்பு. பஸ்ஸில் தோழியிடம் காட்டினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இவர் நன்னா தூங்கறார்டி. பெருமாள் தூங்கலை."

"கண்ணை மூடித்தானே படுத்திருக்காரு?"

"மூடிண்டிருக்கார். ஆனா எல்லாம் தெரிஞ்சுண்டிருக்கார். அதுக்குப் பேரு அறிதுயில்."

"அதை எப்படி வரையுறது?"

"அது உன் பாடு. சனிக்கிழமை வா, நான் சேவிச்சுட்டு வந்து சொல்றேன்."

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனேன். ஒரு வாசலுக்கு மேல் வேறு மதத்தவர்கள் போகக் கூடாது. நான் இந்தப் பக்கம் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். "உனக்கும் சேர்த்துப் பார்த்துட்டு வரேன்" என்று அவள் உள்ளே போனாள். புறாக்கள் மேலே குனுகிக்கொண்டிருந்தன. கல் தரையில் அன்றைய வெயிலின் சூடு இன்னும் இருந்தது. போகிறவர்களின் காலடி ஓசையும் துளசி வாசனையும் சேர்ந்து என்னைத் தாலாட்டின. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ.

அவள் வந்து எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரே இருட்டு. அர்ச்சகர் தீபத்தைத் திருமுகத்துக்கு நேரா காட்டறார். அப்புறம் திருவடிக்கு. நடுவுல என்ன இருக்குன்னு பார்க்கறதுக்குள்ள நகருங்கோன்னுட்டா." கண்ணைத் திறந்தாள். முகத்தில் ஒரு திகைப்பு. "பொறந்ததுலேர்ந்து சேவிக்கறேன். முழுசாப் பார்த்ததே இல்லைன்னு இப்பத்தான் தெரியறது."

அவள் கொடுத்த துளசியை வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

எதிர் சீட்டில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். தலை பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது ஒரு குலுக்கல். அவள் கண் திறக்கவில்லை. கை மட்டும் குழந்தையின் முதுகில் இறுகியது. குலுக்கல் நின்றதும் தளர்ந்தது. மறுபடி ஒரு குலுக்கல், மறுபடி இறுகியது. ஜன்னலுக்கு வெளியே ஆறு செம்பு நிறத்தில் அகலமாகக் கிடந்தது. நான் ஆற்றைப் பார்க்கவில்லை. அந்தக் கையை வரைந்தேன், திரும்பத் திரும்ப.

மெயின்கார்டு கேட் பக்கம் அவள் விழித்துக்கொண்டாள்.

"என்னங்க எழுதுறீங்க?"

தாளைக் காட்டினேன். வெட்கத்தோடு வாங்கிப் பார்த்தாள்.

"தூங்குற மாதிரில்ல போட்டிருக்கீங்க? நான் தூங்கலைங்க. முழிச்சுத்தான் இருந்தேன்."

"தூங்கினீங்களே, பார்த்தேனே."

"கண்ணு அசந்திருக்கும். புள்ளைய வச்சுக்கிட்டு எங்கங்க தூங்குறது?"

மறுநாள் மேஜையில் பெரிய தாளை விரித்து, முதலில் அதை முழுக்க இருட்டாக்கினேன். தைரியமாகத்தான் மையை ஊற்றினேன். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம், பாதத்தில் கொஞ்சம். நடுவில், தீபம் தொடாத இடத்தில், நீண்டு கிடக்கும் ஒரு கை. தளர்ந்த கைதான். ஆனால் விரல்களின் கணுவில் மட்டும் ஓர் இறுக்கம் வைத்தேன், எதையோ விழாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல. பொழுது மசங்கும்போது அம்மா வந்து பின்னால் நின்று பார்த்தார். லைட்டைப் போட்டுவிட்டுப் போனார்.

தபாலில் சேர்ப்பதற்கு முன் ஆபீஸில் தோழியிடம் காட்டினேன். சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸை மூடி வைத்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். படத்தைப் பார்த்தவள் மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டாள். அதை அவள் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை.

"கை முழிச்சிண்டிருக்குடி" என்றாள், ரொம்ப மெதுவாக.

அச்சில் இருட்டு சாம்பலாகிவிட்டது; கதைத் தலைப்பு பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆனாலும் கை தப்பித்தது. அதற்குப் பிறகு பண்டிகை இதழ்களின் சாமி படமெல்லாம் எனக்கே வர ஆரம்பித்தது. எண்பதுகளின் நடுவில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, படம் போடுவதையே பிழைப்பாக்கிக்கொண்டேன்.

வேலையில் இருந்த கடைசி வாரம், வழக்கம்போல வரையலாம் என்று பஸ்ஸில் உட்கார்ந்தவள் நன்றாகத் தூங்கிவிட்டேன். பாலக்கரையில் தோழி இடித்து எழுப்பி, என் கையில் ஒரு தாளைத் திணித்தாள். இறங்கி, கடை வாசலில் நின்று பார்த்தேன். நான் தூங்குவதை வரைந்திருந்தாள். ஆபீஸில் வால்வு படம் போடுவதைப் போல எல்லாம் நேர்க்கோடும் வட்டமும். மூக்குக்கு நடுக்கோடுகூடப் போட்டிருந்தாள். நிமிர்ந்து பார்ப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னலில் அவள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.