மார்க் கூடினால் மருந்து நின்றுவிடும்

'நல்லா இருக்கேன்' என்று சொல்பவர்களை நம்பாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ள வருகிறவர்களிடம் ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளை நீட்டுவேன். இரண்டு வாரமாகத் தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசு படபடவென்று இருக்கிறதா, ஒன்பதாவதாக, இருப்பதைவிடச் செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா. 'இல்லவே இல்லை' என்றால் பூஜ்யம். 'தினமும்' என்றால் மூன்று. கூட்டிப் பார்த்து மார்க் அதிகமாக இருந்தால் மனநல டாக்டரிடம் அழைத்துப் போவேன். மனம் விட்டுப்போனவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் பாதியில் மருந்தை நிறுத்திவிட்டு வீட்டில் படுத்துவிடுகிறார்கள். அதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க வேண்டும். வீடு வீடாகப் படிவத்தோடு போய், பாதிக் கேள்வியில் கதவு சாத்தப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் என் கஷ்டம் புரியும்.

எந்த ஆபீஸ்?

ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பூ விவசாயி. குடலில் கட்டி. நான் தாளை எடுத்ததும், கழுத்தில் தொங்கிய என் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்த ஆபீசு?" என்றார். இதே ஆஸ்பத்திரிதான் என்றேன். அப்படியானால் ஏன் வெள்ளைக் கோட்டு இல்லை, கழுத்தில் டாக்டர் குழாய் இல்லை, ஊசியும் போடவில்லை என்று வரிசையாகக் கேட்டார். நான் கேள்வி கேட்க வந்தவள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

ஒன்பது கேள்விகளையும் முதலில் வாசித்துக் காட்டச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தாளை மடித்து என் கையிலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: "தூங்கல, திங்கலன்னு நாஞ் சொல்லுவேன். நீங்க எழுதிக்கிட்டுப் போயி, 'இந்தாளு தாங்க மாட்டான், மருந்த நிப்பாட்டுங்க'ன்னு டாக்டர்கிட்ட வத்தி வைப்பீக. நாஞ் சொல்லுவனாக்கும்?"

தலைப்பைக் கிழித்த மகன்

ஆயக்குடிக்காரர் ஒருவர், கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர், அம்மாவை அழைத்து வந்திருந்தார். அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார். "ஏனுங்க மேடம், அம்மாளுக்கு வயித்துப்புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கறோம். நீங்க பாட்டுக்கு அந்த வார்த்தையச் சொல்லிப்போடாதீங்க" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். நம்பவில்லை. தாளின் தலையில் 'புற்றுநோய்ப் பிரிவு' என்று அச்சாகியிருந்தது. கேட்காமலே அந்த வரியை மட்டும் நேராகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அம்மாவிடம் நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் மகன்தான் பதில் சொன்னார்.

அவருக்கு போன் வந்து நகர்ந்ததும் அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இதே சிவப்பு மருந்துதானுங்க என்ற தங்கச்சிக்கும் ஏத்துனாங்க. எனக்குத் தெரியும்னு பையன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க, அவன் தாங்க மாட்டானுங்க."

வீட்டிலும் விடவில்லை

ஒரு வருஷம் இப்படி ஓடியதில் யார் என்ன சொன்னாலும் அதற்குப் பின்னால் வேறு ஒன்று இருப்பதாகவே எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கறிக்குழம்பை ஒதுக்கி வைத்தார். பசிக்கவில்லையா, எத்தனை நாளாக, தூக்கம் வருகிறதா, முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லையா என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "குழம்புல உப்பு கூடிப்போச்சு, அம்புட்டுத்தான். இதுக்கு எத்தன மார்க்?"

ஹால் முழுக்க முட்டை

ஒரு செவ்வாய்க்கிழமை மருந்து ஏற்றும் ஹாலில் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுத் தாளும் திரும்பி வந்தன. எட்டிலும் முட்டை. நேற்று வரை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்த அம்மாவுக்கும் முட்டை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தவருக்கும் முட்டை. மருந்து ஏறினாலே உடம்பு துவண்டு போகும், 'சோர்வாக இருக்கிறதா' என்ற கேள்விக்காவது ஒருவர் ஆமாம் என்று போட்டிருக்க வேண்டாமா? எட்டுத் தாளிலும் டிக்கெல்லாம் ஒரே பச்சை மையில், ஒரே சாய்வில் இருந்தன. காப்பி அடித்திருக்கிறார்கள். அதுவும் ஒரே ஆளைப் பார்த்து.

பச்சைப் பேனா லூர்தம்மாள் டீச்சருடையது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், மார்பகப் புற்றுநோய், தலையில் எப்போதும் சேலை முக்காடு. எழுதத் தெரியாதவர்களுக்குத் தாளை வாசித்துச் சொல்லி உதவுகிறார் என்று நான் இத்தனை நாள் அவரை மெச்சிக்கொண்டிருந்தேன். அவர் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: முதல் கட்டத்திலேயே டிக் போடு. ஏன் என்று தலைமை நர்ஸ் வசந்தா சிஸ்டரிடம் புலம்பினேன். நிறைய மார்க் வாங்கிய ஒருவரைக் கதிர் சிகிச்சைக்காக மதுரைக்கு மாற்றியிருந்தார்கள். அவர் எங்கே போனார் என்று இங்கே யாருக்கும் சொல்லவில்லை. சிஸ்டர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நீ மார்க் போட்ட ஆளு மறுதடவ வரல. மருந்த நிறுத்திட்டாகன்னு நெனைக்காம வேற என்னத்த நெனைப்பாக?"

நாலு மருமகன்

என் சந்தேகம் இப்போது டீச்சர் மேல் திரும்பியது. ஊருக்கெல்லாம் முட்டை போட்டுக் கொடுக்கிறவர் தன் தாளில் எதை மறைக்கிறார்? மருந்து ஏற்றும் நாளில் கூட வந்தவர் ஒருவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் சட்டம். நோட்டைப் புரட்டினேன். டீச்சருக்கு நாலு தடவையும் 'மருமகன்' கையெழுத்துப் போட்டிருந்தார். நாலும் நாலு பெயர். நாலும் நாலு கையெழுத்து. கடைசி மருமகன் குஜிலியம்பாறையிலிருந்து வரும் ஒரு நோயாளியின் புருசன். டீச்சர் தாளை நிரப்பிக் கொடுப்பார், பதிலுக்கு அவர்கள் வீட்டு ஆட்கள் டீச்சருக்குச் சொந்தமாகி விடுவார்கள். இவ்வளவு பெரிய மோசடி என் மூக்குக்குக் கீழேயே நடந்திருக்கிறது.

கோபத்தோடுதான் போனேன். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்ததும் கோபம் தங்கவில்லை. மகள் பெங்களூரில் ஏழு மாசக் கர்ப்பம், தங்கை உள்ளூரிலேயே இருக்கிறாள், இரண்டு பேரிடமும் மூட்டுவலிக்கு வைத்தியம் என்று சொல்லியிருக்கிறார். அறுவை சிகிச்சைக்குக்கூட சர்ச் தியானத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகத்தான் போனாராம். அடுத்த தடவை வருவீர்களா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்பதாவது கேள்வியை வாயாலேயே கேட்டேன். குழாயில் மருந்து சொட்டுவதைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அதுக்கு உண்மையச் சொன்னா, அதப் பாவமுன்னு சர்ச்சுல பாவசங்கீர்த்தனத்தப்ப சாமியார்கிட்டயும் சொல்லணும்மா. அதான் முட்டை போட்டேன்."

மூட்டுவலி

டாக்டர் வரும் வரை அந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. மனநல டாக்டரை டீச்சர் இருந்த இடத்துக்கே வரச் சொல்லி சிஸ்டரிடம் சொல்லியனுப்பினேன். அவர் வந்து திரையை இழுத்துவிட்டு முக்கால் மணி நேரம் பேசினார். அந்த எண்ணம் வருவது நோயில் ஒரு பகுதி, அதற்கும் மருந்து உண்டு, இந்த மருந்தை யாரும் நிறுத்தப் போவதில்லை என்று அவர் சொன்னது திரைக்கு வெளியே எனக்குக் கேட்டது. டீச்சருக்கு மட்டும் கேட்டால் போதாதே என்று அப்போதுதான் உறைத்தது. தாளைக் கொடுத்த நான், அது எதற்கு என்று இத்தனை நாள் யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதே இல்லை.

டாக்டர் போனதும் டீச்சர் தன் தாளைத் திருத்தி எழுதிக் கொடுத்தார், தங்கைக்கு போன் போடவும் கடைசியில் சம்மதித்தார். நம்பரைச் சொல்லும்போதுகூடக் கடைசி இரண்டு எண்ணில் தயங்கினார். அரை மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார் தங்கை, மாவு ஒட்டிய கையோடு. அக்காவின் முக்காட்டை விலக்கி மொட்டைத் தலையைப் பார்த்தார். ஹாலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: "ஏக்கா, தனியா வந்து கெடந்திருக்கியே, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

பத்தொன்பது

மூன்று வாரம் கழித்து டீச்சர் வருவாரா மாட்டாரா என்று காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் போட்டபோதெல்லாம் தங்கை "வருவோம்" என்றுதான் சொன்னார். அதையும் நான் நம்பவில்லை. பத்தேகாலுக்கு வந்தார்கள். நோட்டில் தங்கை சொந்தப் பெயரில், தங்கை என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹாலில் வழக்கம்போல ஏழெட்டுப் பேர் தாளை வைத்துக்கொண்டு பச்சைப் பேனாவுக்காகக் காத்திருந்தார்கள்.

டீச்சர் ஊசி குத்திய கையைத் தாங்கிப் பிடித்தபடி எழுந்து நின்றார். வகுப்பில் நின்று பழகிய குரல், மைக் வேண்டியிருக்கவில்லை. போன தடவை தான் திருத்தி எழுதிக் கொடுத்த தாளை என்னிடமிருந்து வாங்கி எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார். ஒருவர் மட்டும் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் கூட்டிச் சரிபார்த்தார். டீச்சர் சொன்னார்: "நல்லாப் பாத்துக்கங்க. நான் வாங்குனது பத்தொம்பது. எனக்கு மருந்து ஏறுதா இல்லையா?"

அன்றைக்கு வந்த தாள்களில் ஒன்றில்கூட முட்டை இல்லை, எல்லாரும் இவ்வளவு வேதனையில் இருக்கிறார்கள் என்று தெரிந்து சந்தோஷமாக வீட்டுக்குப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.