பதின்மூன்றாவது ஆள்

விண்வெளிக் கப்பலில் புறப்பட்டவர்கள் பன்னிரண்டு பேர். கதையின் ஆறாவது நிமிடத்தில் கப்பல் தலைவன் எல்லாரையும் கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணுகிறான். பதின்மூன்று பேர் நிற்கிறார்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிகிறது. ஒருவர் பிறந்தநாளுக்கு மற்றவர் கேக் வெட்டியதுகூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒரு ஆள் மனிதன் இல்லை. யார் என்பதுதான் அன்றைய கதை.

அந்தத் தொடரைத் தமிழில் குரல் மாற்றி டிவியில் சனிக்கிழமை மாலை நாலே முக்காலுக்குப் போடுவார்கள். ஐந்தரைக்கு முடியும். பதுளையிலிருந்து மடுல்சீமைக்குக் கடைசி பஸ்ஸும் ஐந்தரைக்குத்தான். என் மனைவியின் அண்ணன் அங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் போஞ்சிக் கொடி போட்டிருக்கிறார். சனிக்கிழமைகளில் அதை மார்க்கெட்டில் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து தொடர் பார்ப்பார். ஐந்து பதினெட்டுக்கு எழும்பினால்தான் அவருக்குப் பஸ் கிடைக்கும். எங்கள் வாசலிலிருந்து பஸ் நிலையம் எண்ணி எழுநூற்றுப் பத்து காலடி. ஆகவே வாராவாரம் கடைசிப் பன்னிரண்டு நிமிடம் அவருக்கு இல்லை. முடிவை நான் பார்த்து வைத்து, ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவர் கோல் எடுக்கும்போது சொல்ல வேண்டும்.

அவருக்கு அது முக்கியம். ஞாயிற்றுக்கிழமை லயத்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்து முழுக் கதையையும் அவர் சொல்வார். முப்பத்தெட்டு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அதுவரை யாரும் அவரை உட்கார வைத்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. “இப்ப ஒன்பது பேர் கேக்குறாங்க மச்சான்” என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். தொடரில் பிழை எண்ணுவது என் வழக்கம். அன்று முதல் அரை மணிக்குள் பதினான்கு எண்ணிவிட்டேன். பதின்மூன்று பேருக்குச் சாப்பாட்டு மேசையில் ஐந்து கோப்பை. கப்பலில் ஒரு கக்கூஸ் கிடையாது. கதவு இருபத்து மூன்று தடவை தானாகத் திறந்தது, ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. பூமியிலிருந்து இத்தனை கோடி மைல் தள்ளி வந்தும் மூன்று பேருக்கு ஒரே குரல்.

மச்சானுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. கப்பல் தலைவனை அவர் தோட்ட நிர்வாகியைப் போலத் துரை என்பார், அடுத்தவனைச் சின்னத்துரை, இயந்திரம் பார்ப்பவனைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் பேரில் டீமேக்கர், வைத்தியம் பார்க்கும் பெண்ணை டாக்டரம்மா. ஆட்களை வரிசையில் நிறுத்தியதும் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“பெரட்டுல ஆள் கொறஞ்சுதான் பார்த்திருக்கேன் மச்சான். கூடிப் போயி இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”

“கூடவுமில்லை. திரையில பதினோரு பேர்தான் நிக்கிறாங்க. நான் எண்ணிட்டேன்.”

“நீங்க வாத்தியார்தானே, மத்த ரெண்டு பேருக்கும் வரல்லைன்னு போட்டுக்கிட்டுப் பேசாமப் பாருங்க.”

ஐந்து பதினெட்டுக்குக் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். “யாருன்னு நல்லாப் பார்த்து வைங்க மச்சான். டீமேக்கர் மேலதான் எனக்குச் சந்தேகம். நாளைக்குப் பெஞ்சுல சொல்லணும்.”

மனைவி அன்று கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். திரையில் மறுபடி எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். இந்தத் தடவை பன்னிரண்டு தலை. முதலில் பதினொன்று, இப்போது பன்னிரண்டு. இதைக் குறித்து வைக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. பென்சில் தேடி அறைக்குள் போனேன். பென்சில் கிடைத்தது, கண்ணாடி கிடைக்கவில்லை. கண்ணாடி தலையணைக்கு அடியில் கிடைத்தபோது கூடத்தில் முடிவு இசை கேட்டது. வந்து பார்த்தால் சவர்க்கார விளம்பரம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கோல் வந்தது.

“சொல்லுங்க மச்சான், டீமேக்கர்தானே?”

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். பதினான்கு பிழை எண்ணியவன், பதினைந்தாவதை எழுதப் போய் முடிவைத் தவறவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. “இல்லை, டாக்டரம்மா” என்றேன்.

“எப்படிங்க கண்டுபிடிச்சாங்க?”

“எல்லாரும் டீ குடிச்சாங்க. அவ மட்டும் குடிக்கல்லை.”

“அட, நானும் கவனிச்சேன் மச்சான்” என்று சந்தோஷமாக வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. போஞ்சியைப் பசறைக்குப் போகும் லொறியில் போட்டுவிடுவதாகச் சொன்னார். ஐந்து சனிக்கிழமை அப்படிப் போயிற்று. மனைவி ஒவ்வொரு தடவையும் மூன்று பேருக்கே டீ ஊற்றினாள். ஆறாவது வாரம் தன் அண்ணனின் மருமகளிடம் ஃபோனில் பேசிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கொழும்பில் வேலை செய்யும் ஒரு பெண் அந்த முதல் வாரமே லீவுக்கு லயத்துக்கு வந்திருக்கிறாள். அந்தக் கதை அவளுடைய ஃபோனில் இருந்திருக்கிறது. பெஞ்சில் வைத்து எல்லாருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறாள். மனிதன் இல்லாத ஆள் டாக்டர் அல்ல. எண்ணிக்கொண்டிருந்த கப்பல் தலைவனே.

“அண்ணனுக்கு டாக்டரம்மான்னு பட்டம் வச்சிட்டாங்களாம். அது பெஞ்சுப் பக்கமே போறதில்லையாம்” என்றாள். பிறகு, “தெரியாதுன்னு சொல்லியிருந்தா ஒங்களுக்கு என்ன கொறைஞ்சிருக்கும்?”

 அடுத்த ஞாயிறு மடுல்சீமைக்குப் பஸ் ஏறினேன். தப்பு என்னுடையது என்று அந்தப் பெஞ்சிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வழியில் நாற்பத்தொரு வளைவு வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

நான் வருவது தெரிந்து மச்சான் கடை வரை வந்து என்னை எதிர்கொண்டார். பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள்.

“வாங்க மாஸ்டர்” என்றான் ஒருவன். “எனக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல். ஒங்க மச்சான்கிட்டச் சொல்லி ஒரு ஊசி போட்டுவிடச் சொல்லுங்க.”

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். “அந்தக் கதை விஷயம் சொல்லத்தான் வந்தேன்” என்று ஆரம்பித்தேன். “அன்னைக்கு நான்…”

மச்சான் என் கையைப் பிடித்தார். “அதைத்தான் இவங்ககிட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே. மச்சான் துரைன்னு சரியாத்தான் சொன்னாரு. நான்தான் மறதியில டாக்டரம்மான்னு மாத்திச் சொல்லிப்புட்டேன்.”

“ஆமாங்க, அவரும் அப்படித்தான் சொன்னாரு” என்றான் கடைக்காரன். “மாஸ்டர் கணக்கு தப்புமா?”

தங்கச்சி புருஷனைத் தன் லயத்து ஆட்கள் முன்னால் யாரும் குறைத்துப் பேசிவிடக் கூடாது. எங்கள் பக்கத்து அண்ணன்மார் அதைத் தங்கள் மானமாக நினைப்பவர்கள். அந்தப் பட்டத்தை அவர் எனக்காக வாங்கிச் சுமந்துகொண்டிருந்தார். நான் இப்போது உண்மையைச் சொன்னால், முன்பு அவரை முட்டாள் என்று சிரித்தவர்கள் இனிப் பொய்யன் என்றும் சொல்வார்கள். அவர் பிடி தளரவில்லை. நான் தலையை ஆட்டினேன். நாலு பேரும் அதைப் பார்த்தார்கள்.

இப்போது மச்சான் மறுபடி சனிக்கிழமைகளில் வருகிறார். பெஞ்சில் கதை சொல்வதில்லை, சும்மா பார்க்கத்தான் வருகிறார். ஐந்து பதினெட்டுக்கு எழும்பும்போது சமையலறைப் பக்கம் திரும்பி, “தங்கச்சி, முடிவைப் பார்த்து வை” என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்காருகிறாள். நானும் கடைசி வரை கண்ணெடுக்காமல் பார்க்கிறேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஃபோன் அடித்தால் அவள்தான் எடுக்கிறாள்.