சரி என்று பதிவான குரல்

என் அக்காவின் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ராயபுரத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. உப்புக்காற்றில் தளத்துக்குள் இருந்த கம்பி துருவேறி உப்பி, படுக்கையறையில் சிமெண்ட் பத்தை பத்தையாக விழுந்துகொண்டிருந்தது. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்ய ஒரு வருடம் அவகாசம் கேட்டார்கள். அதுவரை ஓய்வுப் பணம் வங்கியில் டெபாசிட்டாக இருக்கட்டும், அவர்கள் போனதும் தளத்தை இடித்துப் புதிதாகப் போடலாம் என்று மாமா முடிவு செய்தார்.

வங்கியில் ஓர் இளைஞன் அவரை எழுந்து நின்று வரவேற்றான். "நைனா" என்று கூப்பிட்டான். வியாசர்பாடிக்காரனாம். மேலாளரிடம் புத்தகத் தமிழும் மாமாவிடம் நம்ம ஏரியா பேச்சும் பேசினான். சாதாரண டெபாசிட்டைவிட வட்டி அதிகம், ஒரே தடவை கட்டினால் போதும், வருடம் முடிந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றான். காகிதக் கோப்பையில் டீ வரவழைத்தான். அந்த டீயைப் பற்றி மாமா வீட்டில் இரண்டு முறை சொன்னார்.

வீட்டுக்குக் கூரியரில் ஆங்கிலத்தில் அச்சிட்ட தடித்த உறை ஒன்று வந்தது. பத்திரமாக வைக்கும்படி அவன் சொல்லியிருந்ததால், உதிரும் தளத்துக்குப் பயந்து மாமா அதைப் பிரிக்காமலே பிளாஸ்டிக் பையில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டார்.

வருடம் முடிந்து, மாடியும் காலியாகி, பணத்தைக் கேட்கப் போனபோதுதான், இரண்டாம் தவணையை எப்போது கட்டுகிறீர்கள் என்று வங்கியில் கேட்டார்கள். அது டெபாசிட் இல்லை. பத்து வருடம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீடு. பீரோவில் இருந்த உறைதான் அதன் பாலிசி. நடுவில் நிறுத்தினால் போட்டதில் பெரும்பகுதி போய்விடும். அந்த இளைஞன் முகம் மாறாமல், "நான் எல்லாத்தையும் சொல்லிக்கினுதான் போட்டேன், நைனா" என்றானாம். மாமா அன்று சாப்பிடவில்லை.

நான் கப்பல் சரக்கு முகவர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். தாள்களைத் தேதிப்படி அடுக்கத் தெரியும். முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். பாலிசி கைக்கு வந்து முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையைத் தவறவிட்டீர்கள், தவிர உங்கள் மாமா தொலைபேசியில் எல்லாவற்றுக்கும் சம்மதித்த பதிவு எங்களிடம் உள்ளது என்று பதில் வந்தது. அந்தப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கினேன்.

இனி இரண்டு வழி இருந்தது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். அதற்கு இரண்டு வருடக் கெடு. அல்லது நிறுவனத்தைச் சேராத காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மன்) போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம், நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். அவர் உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நமக்குப் பிடிக்காவிட்டால் அதன் பிறகும் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது இவரிடம் வர முடியாது. அதனால் இதை முதலில் எடுத்தேன்.

பதிவை என் மேசையில் வைத்து நானும் மாமாவும் கேட்டோம். நிறுவனத்துப் பெண் ஒருத்தி நிபந்தனைகளை மூச்சு விடாமல் வாசிக்கிறாள். அவள் முடிப்பதற்குள் மாமாவின் குரல், "சரி." மறுபடி வாசிப்பு, மறுபடி "சரி."

"ஏன் மாமா, கேட்டு முடிக்குறதுக்குள்ள?" என்றேன்.

"கால் வரும், எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிடு, இல்லாங்காட்டி டெபாசிட் நின்னுபூடும்னான் அந்தப் பையன். அதில்லாம கிரேன் கேபின்ல அதான்டா பயக்கம். கீயருந்து வாக்கிடாக்கில சத்தம் வந்தா ஒடனே சரின்னு சொல்லணும். சும்மா இருந்தா மேல இருக்கறவனுக்கு இன்னாவோ ஆயிடுச்சுன்னு கீய நிக்கறவன் பயந்துருவான்."

பொதி தலைமேல் தொங்கும்போது கீழே நிற்பவனின் உயிருக்காகப் பழகிய பழக்கம். அதை ஒருவன் இவர் வீட்டுக்கான பணத்தைப் பிடுங்கப் பயன்படுத்திக்கொண்டான்.

பதிவை மறுபடி ஓடவிட்டேன். நடுவில் அந்தப் பெண் வாசிக்கிறாள்: "உங்கள் பிறந்த தேதியைச் சொல்லுங்கள்." மாமாவின் குரல்: "சரி." அவள் நிற்கவில்லை. அடுத்ததை வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

விசாரணை காணொளியில் நடந்தது. எங்கள் அலுவலகக் கணினியின் முன் மாமா வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நிறுவனத்தின் பிரதிநிதி பதிவை ஒலிக்கவிட்டார். இரண்டாவது "சரி" வந்தபோது அவர் உதட்டில் சிரிப்பு வந்தது. மாமா மேசைக்கு அடியில் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பிறந்த தேதி வந்த இடத்தில் நிறுத்தி மறுபடி போடச் சொன்னேன். குறைதீர்ப்பாளர் அதைக் கேட்டுவிட்டு, இதுதான் நீங்கள் சொல்லும் சம்மதமா என்று பிரதிநிதியைக் கேட்டார். அவர் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார்.

கட்டியதை முழுதும் திருப்பித் தர உத்தரவு வந்தது. பணம் வருவதற்குள் மழை முந்திக்கொண்டது. கட்டிலின் தலைமாட்டில் ஒரு பெரிய பத்தை விழுந்தது. நல்லவேளையாக, அக்காவும் மாமாவும் முன்னறையில் படுத்திருந்தார்கள்.

பணம் வந்ததும், தளம் போட முன்பணம் எடுக்க மாமாவோடு வங்கிக்குப் போனேன். அந்த இளைஞன் அதே நாற்காலியில் இருந்தான். எதிரே கூடையைக் காலடியில் வைத்தபடி மீன் விற்கும் அம்மா ஒருவர், கையில் காகிதக் கோப்பை.

"கால் வரும்மா. எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிடு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா அந்த அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யம்மா, இவன் எனக்கும் டீ வாங்கிக் குடுத்தவன்தான். போன்ல வர்றவ பேசி முடிக்கட்டும். அப்பறம் வாயத் தொற. புரியலன்னா புரியலன்னு சொல்லு."

"நைனாவுக்கு எப்பவும் தமாசு" என்று அவன் பல்லைக் காட்டினான்.

அந்த அம்மா கோப்பையை மேசையில் வைத்தார். "இது டெபாசிட்டா இல்லியா, அத்த மட்டும் சொல்லு" என்று அவனைக் கேட்டார். அவன் கணினித் திரையைப் பார்க்க ஆரம்பித்தான். அவன் சொன்னபடியே அந்த அம்மாவின் கைப்பேசி ஒலித்தது. எடுக்கவில்லை. ஒலித்து ஓயும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.