எந்த எடம் நல்லாருக்குங்க?

எழுத ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நாலு யோசனை சொல்லச் சொல்லி ஒரு கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள். என்னிடம் யோசனை ஒன்றும் இல்லை. இளவேனிலைத் தெரியும், அவ்வளவுதான். அவரைப் பற்றியே சொல்லிவிட்டு வந்தேன்.

கோயமுத்தூரில் ஒருவர் கவிதை எழுதிக் காட்டினால் நாங்கள் "நல்லாருக்குங்க" என்போம். எழுதியவர் "சந்தோசமுங்க" என்பார். அத்தோடு சரி. மரியாதை கெட்டவர்கள் என்று எவனும் எங்களைச் சொல்லிவிட முடியாது. அந்த மரியாதையாலேயே எத்தனை கவிஞர்களைக் கெடுத்தோம் என்பது யாருக்குத் தெரியும்? என்னையும் ஏறக்குறைய கெடுத்துவிட்டார்கள்.

என் பெயர் சுஃப்யான். கோட்டைமேட்டில் எங்களுக்கு லுங்கி, துண்டு விற்கும் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதும் கிறுக்குப் பிடித்த ஏழெட்டுப் பேர் உக்கடம் பெரியகுளத்துக் கரையில் கூடுவோம். அங்கே மூன்று வருடத்துக்கு முன் இளவேனில் வந்து சேர்ந்தார். முப்பது வயதுப் பெண். கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. வார்ப்பில் ஓட்டையோ விரிசலோ இருந்தால் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கிவிட வேண்டும். வாரம் பூராவும் அதைச் செய்துவிட்டு வருகிறவரிடம் நான் என் கவிதைகளை நீட்டினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

எல்லோரும் "நல்லாருக்குங்க" என்றார்கள்.

"எந்த எடமுங்க நல்லாருக்குது?" என்று இளவேனில் அவர்களைக் கேட்டார். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பதினோரு கவிதையில ஒம்போதுல கடல் வருதுங்க. நீங்க கடலை எத்தனை தடவை பாத்திருக்கீங்க?"

"ரெண்டு தடவைங்க."

"கடைக்குத் தெனமும் எத்தனை பேர் வர்றாங்க? ஒருத்தரைக்கூட இதுல காணோமே."

இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை, அவ்வளவு கோபம். மூன்றாவது வாரம், கடைக்கு வந்த, பேச்சுவார்த்தை இல்லாத ஒரு அப்பாவும் மகனும் என் மூலமாகவே பேசி லுங்கிக்கு நிறம் தேர்ந்தெடுத்த கதையைக் கவிதையாக்கிக் கொண்டுபோனேன். இளவேனில் நாலாவது வரியில் விரலை வைத்து, "இந்த எடமுங்க" என்றார். அப்புறம் ஒன்றிரண்டு மேடையில் பொன்னாடையெல்லாம் போட்டார்கள். அந்த விரலுக்கு அதெல்லாம் ஈடில்லை.

அப்படிப்பட்டவர் போன வருடம் சொந்த நாவலை எடுத்துக்கொண்டு வந்தார். தொண்டாமுத்தூரில் ஒரு தென்னந்தோப்பு, ஒரு அண்ணன், ஒரு தங்கை. அண்ணன் தங்கையைக் கூப்பிட்டுத் தோப்பில் பாதியைக் கையில் திணிக்கிறார், தங்கை வேண்டவே வேண்டாம் என்கிறாள். வாசித்து முடித்ததும் எல்லோரும் நல்லாருக்குங்க என்றார்கள். "எந்த எடமுங்க?" என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். ஊருக்கெல்லாம் உண்மை சொன்னவருக்கு உண்மை சொல்ல ஒரு ஆள் இல்லை. எது சரியில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது, ஆனால் வாய் வரவில்லை.

அவர் பஸ் ஏறப் போகும்போதுதான் சொன்னேன். "அந்த அண்ணன் மனுசனாவே இல்லீங்க. எந்த ஊர்ல தோப்பைக் கூப்பிட்டுக் குடுக்கறாங்க? யாரையோ காப்பாத்தறீங்க."

இளவேனில், "எங்கப்பா படிப்பாருங்க" என்றார்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். அப்பா பொங்கியண்ணன் தன் தங்கை ராசாத்தாளிடம், பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவர். எங்கள் பக்கம் இது புதிதல்ல. சீர் செய்தாகிவிட்டது, அப்புறம் என்ன பங்கு என்பார்கள். பெண்ணும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். இளவேனில் அப்போது அஞ்சாம் வகுப்பு. அதற்குப் பிறகு வெள்ளகோவிலிலிருந்து அத்தை வருவது குறைந்துபோனது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறார். எழுத எழுத அப்பா முகம் வந்து நின்றிருக்கிறது. உள்ளதை எழுதினால் அப்பா இல்லை, எழுதாவிட்டால் நாவல் இல்லை.

நாலு மாதத்தில் திருத்தி எழுதினார். அண்ணன் தங்கையைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போகிறார். தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலில் விழுந்து அழுது சாபம் விடுகிறாள். எங்களுக்குக் காட்டும் முன்பே ஒரு பிரதியை அப்பா கையில் கொடுத்திருக்கிறார். "முதுகுக்குப் பின்னாடி எழுதக் கூடாதுங்க" என்றார். நானாக இருந்தால் ஊரைவிட்டு ஓடியிருப்பேன்.

அப்பா இரண்டு வாரம் பேசவில்லை. போனை எடுக்கவில்லை. இளவேனில் குளத்துக் கரைக்கு வந்தார், உட்கார்ந்தார், யார் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்றாவது ஞாயிறு, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு எங்களை நோக்கி நடந்து வந்தார். இளவேனில் எழுந்து நின்றுவிட்டார். எங்களுக்குப் புரிந்துபோனது. வைவார், கிழித்துக் குளத்தில் போடுவார் என்றே நினைத்தேன். அவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். கல் பெஞ்சில் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து நாவலை எடுத்து, ஓரம் மடித்து வைத்திருந்த பக்கத்தைப் பிரித்தார்.

"இது தப்பு கண்ணு" என்றார்.

"என்னதுங்கப்பா?"

"உங்க அத்தை அன்னைக்கு அழுகுலை. சாபமும் விடலை." குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆபீசைவிட்டு வெளிய வந்தோம். 'அண்ணா காத்தாலருந்து ஒண்ணுமே சாப்புடலையே'ன்னா. வெரல்ல மைகூடக் காயலை. பன்னும் டீயும் வாங்கிக் குடுத்தா. நானும் குடிச்சுப்போட்டேன்."

அவர் அந்தப் பக்கத்தைத் தடவிச் சரிசெய்து மகளிடம் நீட்டினார்.

"இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்லை அம்மணி. அதை எழுதிப்போடு."

எங்கள் ஊரில் இப்படி ஒரு மகள் இருக்கிறாள், இப்படி ஒரு அப்பனும் இருக்கிறான் என்று எனக்கு அன்றைக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இளவேனில் அங்கேயே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய பத்தியை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். நடுவில் ஒரே ஒரு தடவை தலை நிமிர்ந்து, "பன்னை முழுசாத் தின்னீங்களாங்கப்பா?" என்று கேட்டார்.

"பாதியை அவளுக்குக் குடுத்தேன்" என்றார் பொங்கியண்ணன். "வேண்டாம்னுட்டா."