மாற்று அரிவாள்

முருகேஸ்வரியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், மூன்றாவது வார்த்தையிலேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் காசிராஜன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செருப்பு, பெல்ட்டுக் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக அரிவாளுக்குத் தோல் உறை தைக்கிறேன். அவள் ஐந்து வருஷமாகத் தைக்கிறாள். ஆனால் உறை என்றதும் இன்று எல்லோர் வாயிலும் வருவது அவள் பெயர்தான்.

எங்கள் பக்கம் அரிவாள் உறை அழகுக்குக் கட்டுகிற சாமான் இல்லை. திருச்சுழி, வீரசோழன் பக்கமெல்லாம் கரி சுடுகிற மூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டப் போகிறவர்கள் விடிந்ததும் பைக்கில் கிளம்பிவிடுவார்கள். அரிவாளைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தால் வழியில் போலீஸ் நிறுத்தி, எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று ஆயிரம் கேள்வி கேட்கும். இடுப்பில் பட்டன் போட்ட தோல் உறை இருந்தால், வேலைக்குப் போகிற ஆள் என்று விட்டுவிடும்.

முருகேஸ்வரி சென்னைப் பக்கம் ஒரு தோல் கையுறைக் கம்பெனியில் எட்டு வருஷம் தைத்தவள். கொரோனாவில் கம்பெனியை மூடியதும் புருஷன் மதன்குமாரோடு பாலவனத்தத்துக்கே திரும்பி வந்துவிட்டாள். அவன் லோடு ஆட்டோ வாங்கினான். இவள் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு, ஒரு மரக்கட்டையையும் நாலு ஊசியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நேற்றுப் பெய்த மழையில் முளைத்த காளான், இரண்டு வெயில் தாங்காது என்று நினைத்தேன். ஐந்து கோடையும் போய்விட்டது.

ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்பது போல அந்தக் கொட்டகை எதிரே நின்று, அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். அரிவாளில் ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினாள். நனைத்த தோலை அதன் மேல் போர்த்தி, வளைந்த மூக்கு வரைக்கும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனாள். தோல் காய்கிறபோது அந்த அரிவாளின் உருவத்திலேயே இறுகிவிடும். முந்தின நாள் காயவைத்த இன்னொரு உறையைத் தைத்து முடித்து, வாங்க வந்த ஆளை அதைக் கட்டிக்கொண்டு குந்தச் சொன்னாள், பைக்கில் ஏறி உட்காரச் சொன்னாள். தொடையில் இடிக்கிறது என்றான் அவன். முகம் சுளிக்காமல் பிரித்து மறுபடி தைத்தாள்.

இந்த வேலை எனக்குத் தெரியாததில்லை. ஆனால் தோல் காய ஒருநாள் ஆகும். ஒருநாள் அரிவாள் இல்லையென்றால் வெட்டுகிறவனுக்கு அன்றைய கூலி போச்சு. அதனால் யாரும் அரிவாளை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். நான் ஒருதரம் அட்டையில் அளவு வெட்டி வைத்துக்கொண்டு, அதை வைத்தே தைத்துவிடுவேன். இவள் என்ன செய்தாள் தெரியுமா? சொந்தமாக நாலு அரிவாள் வாங்கி வைத்துக்கொண்டாள். உறைக்குக் கொடுக்கிறவன் அதில் ஒன்றை மாற்றாக எடுத்துப்போய் வெட்டலாம். இவ்வளவு சின்ன யோசனை இருபத்திரண்டு வருஷத்தில் என் மண்டைக்கு ஏன் வரவில்லை? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி கோகிலாம்பாள் உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு, வெயில் என்று சொன்னேன்.

ஒவ்வொருவராக அங்கே போக ஆரம்பித்தார்கள். என்னிடம் மிச்சம் இருந்தது பொன்னுச்சாமி அண்ணன். முப்பது பேர் வெட்டுகிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அவர் இடுப்பில் எந்தக் கடை உறையோ, அந்தக் கடைக்குத்தான் முப்பது பேரும் வருவார்கள். அவரையும் விட்டால் நான் செருப்பு மட்டும் விற்கிறவன்.

போன ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்னால் அவர் வந்தார்.

"அண்ணாச்சி, பூசைக்குப் புது உறை வேணும். பாலவனத்தத்துல அந்தப் பிள்ள ஒருநா அருவாள வச்சிட்டுப் போகச் சொல்லுதாம். நீங்க என்ன சொல்றீக?"

அவள் பேச்சை எடுத்ததும் எனக்குச் சுருக்கென்றது.

"உங்க அருவா எனக்கு மனப்பாடம்ணே. வச்சிட்டெல்லாம் போக வேணாம். நாளைக்கே வந்து வாங்கிக்கங்க" என்றேன்.

அரிவாள் என் பலகை மேல்தான் கிடந்தது. பூசைக்காகப் பட்டறையில் காய்ச்சி அடித்து வாங்கியிருந்தார். வருஷா வருஷம் அப்படி அடித்துத் தீட்டினால் இரும்பு தேயத்தானே செய்யும்? அகலம் குறைந்திருப்பது கண்ணிலேயே தெரிந்தது. பார்த்தேன், ஆனால் அளக்கவில்லை. அளந்தால் அவள் செய்கிறதுதான் சரி என்று ஆகிவிடுமே என்ற வீம்பு. ஆணியில் தொங்கிய பழைய அட்டையை எடுத்து அப்படியே தைத்துக் கொடுத்தேன். பூசையன்று என் உறையைக் கட்டிக்கொண்டு அவர் கடைத்தெருவில் போனபோது, முருகேஸ்வரி இதைப் பார்க்க வேண்டுமே என்று மனம் துள்ளியது.

முப்பது பேரில் ஒருவரும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் செருப்பு வாங்க வந்தார். இடுப்பைப் பார்த்தேன். உறையின் வாயில் உள்பக்கமாக ஒரு தோல் வார் சேர்ந்திருந்தது. பட்டனும் ஒரு விரல் தள்ளி இருந்தது. அந்தத் தையல் என்னுடையதில்லை.

"இது என்னண்ணே?"

அவர் தயங்கினார். "பூசைக்கு மறுநா வண்டியில போறப்ப அருவா உறையிலருந்து வழுகி விழுந்துருச்சு அண்ணாச்சி. காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல போச்சு. சாமி புண்ணியம், ஒண்ணும் ஆகல. முருகேஸ்வரிதேன் வாரு வச்சுத் தச்சுக் குடுத்துச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"அருவா தேஞ்சு போச்சு, உறையில ஒரு குத்தமும் இல்லைன்னு சொல்லுச்சு. பயலுகட்டயும் அப்படித்தேன் சொல்லுச்சு."

அவர் கால் போயிருக்குமே என்று பயந்தது நிஜம். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே, என் மானத்தையும் அவள்தான் தைத்துக் கொடுத்திருக்கிறாள் என்று எரிந்ததும் நிஜம். வாய்க்கு வந்தபடி என்னைப் பேசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"புதுசாத் தச்சுத் தாரேண்ணே. காசு வேணாம். ஒருநா அருவாள வச்சிட்டுப் போங்க."

"நாளைக்கு வெட்டு இருக்கே. மாத்து அருவா இருக்கா?"

என்னிடம் இல்லை. அது யாரிடம் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். இருங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

கொட்டகைக்குள் கால் வைத்ததும், "வாங்க அண்ணாச்சி" என்று எழுந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கு நீங்களா வரணும்? ஒரு போன் போட்டிருந்தா எங்க வீட்டுக்காரவுக லோடு போறப்பக் குடுத்துட்டுப் போயிருப்பாக. ரெண்டா எடுத்துட்டுப் போங்க, எங்கிட்ட நாலு கெடக்கு" என்றாள்.

நான் கையை நீட்டினேன். அவள் கையில் கொடுக்கவில்லை. குனிந்து அரிவாளைத் தரையில் வைத்தாள். அரிவாளைக் கைக்குக் கை கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

"நமக்குள்ள எதுக்கு அண்ணாச்சி சண்டை?" என்று சிரித்தாள்.

ஐந்து வருஷமாக நான் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு அது தெரியவே தெரியாது. நான் குனிந்து, அவள் காலடியில் கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டேன்.